நிலாவில் பாட்டி: வெட்டி ஒட்டாமல் கேமராவிலேயே எடுப்பது எப்படி?

"பாட்டிக்கு வருகிற தையில் 80 வயது நிறைகிறது. பிறை நிலாவில் அவர் உட்கார்ந்திருப்பதுபோலவும், பின்னால் வானத்தில் தாத்தாவின் முகம் லேசாகத் தெரிவதுபோலவும் ஒரு படம் எடுக்க ஆசை. தாத்தா இறந்து 11 வருடம் ஆகிறது. கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டக் கூடாது, எல்லாமே கேமராவில் விழ வேண்டும். 10க்கு 14 அடி ஹால், பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18–55 லென்ஸ், ஒரு ஃபிளாஷ், ஒரு ஸ்டாண்ட் இருக்கிறது. முடியுமா?" இதுதான் கேள்வி.

முடியும். இருக்கிற சாமானே போதும். அப்பாவின் ஸ்டுடியோவில் பள்ளிக்கூட நாளிலிருந்து ஸ்கிரீன் இழுத்துக் கட்டி வளர்ந்தவன் நான். இருபத்தைந்து வருடமாக இதே தொழில். இந்த மாதிரிப் படம் கேட்டு யாராவது வந்தால் இன்றைக்கும் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிடுவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் முதலில் மனதில் ஏற வேண்டும். நமக்கு இரண்டு கண். தலையைத் திருப்புகிறோம், நகர்ந்து போய்ப் பார்க்கிறோம். கேமராவுக்கு ஒற்றைக் கண். வைத்த இடத்தில் நிற்கும், ஷட்டர் திறந்து மூடும்வரைதான் பார்க்கும். கேமராவிலேயே செய்கிற வித்தை அத்தனையும் இந்த இரண்டு குறைகளில் பிறந்தவை. ஒரே இடத்திலிருந்து பார்ப்பதால் அட்டை நிலாவுக்கு முதுகு தேவையில்லை. திறந்திருக்கும் நேரம் மட்டும் பார்ப்பதால், அந்த நேரத்துக்குள் எந்தப் பொருள்மேல் எப்போது வெளிச்சம் விழ வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற கிராமத்தில் நடந்தது. 1917ல் எல்சி ரைட், பிரான்சிஸ் கிரிஃபித்ஸ் என்ற இரண்டு பெண்கள், ஓடைக்கரையில் குட்டித் தேவதைகளோடு இருப்பதுபோலப் படம் எடுத்தார்கள். ஒருத்திக்கு 16 வயது, இன்னொருத்திக்கு 9. கதைப் புத்தகப் படத்தைப் பார்த்து அட்டையில் வரைந்து, வெட்டி, தொப்பி ஊசியால் செடிகளுக்கு நடுவே குத்தி நிறுத்தியிருந்தார்கள். கோடாக் நிறுவனத்தின் ஆட்கள்கூட அந்த நெகட்டிவ்களை ஆராய்ந்தார்கள். உண்மையான தேவதைகள் என்று சான்று தர மறுத்தாலும், நெகட்டிவில் எந்தத் திருத்தமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? நெகட்டிவில் எதுவும் செய்யப்படவே இல்லையே. செய்ததெல்லாம் லென்ஸுக்கு முன்னால். அட்டைதான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டது 1983ல், இருவரும் பாட்டிகளான பிறகு. நாம் யாரையும் ஏமாற்றப் போவதில்லை. ஆனால் நம் முறை அதேதான்: லென்ஸுக்கு முன்னால் நிஜமாக வைப்பது.

அதனால் நிலாவை வெட்டுவதற்கு முன்னால் கேமராவை நிறுத்துங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். அழகாக ஒரு செட் போட்டுவிட்டு, அப்புறம் கேமராவை எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். ஹாலின் ஒரு முனையில், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஸ்டாண்டைப் போடுங்கள். லென்ஸ் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கட்டும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, லென்ஸை 28 மி.மீ.க்கு வைத்து, ஜூம் வளையம் அசையாமல் டேப் ஒட்டிவிடுங்கள். ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் தரையில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். படம் முடியும்வரை அது அங்கேயே நிற்க வேண்டும். ஒரு தடவை, தொங்கவிட்ட மேகங்களின் வரிசையைச் சரிபார்த்து முடித்த பிறகு, ஒயர் தடுக்கி ஸ்டாண்டை இரண்டு விரற்கடை நகர்த்திவிட்டேன். மேகங்களுக்கு நடுவே கதவு நிலை எட்டிப் பார்த்தது. திரும்பச் சரிசெய்ய மூன்று மணி நேரம் ஆனது.

இப்போது கணக்கு. உங்கள் மாதிரிக் கேமராவின் சென்சார் ஏறக்குறைய 23க்கு 15 மி.மீ. தூரத்தைச் சென்சாரின் பக்கத்தால் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால், அந்தத் தூரத்தில் எவ்வளவு இடம் படத்துக்குள் வரும் என்பது கிடைத்துவிடும். பாட்டி லென்ஸிலிருந்து 9 அடியில் உட்காருகிறார் என்றால், அங்கே உயரம் சுமார் ஏழரை அடி, அகலம் நாலே முக்கால் அடி. பின்திரை 12 அடியில் என்றால், உயரம் 10 அடிக்குச் சற்றுக் குறைவு, அகலம் ஆறரை அடி. ஆக 7 அடி அகலத் துணி போதும். நிலா 5 அடி உயரம், 4 அடி அகலம். இதற்கு வெளியே இருக்கும் சோபா, டிவி, துணிக்கொடி எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. கேமராவுக்கு அவை இல்லவே இல்லை.

சின்ன ஹாலாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். தென்கொரியாவின் சோல் நகரத்தில் ஜீயோங் லீ என்ற கலைஞர் இருக்கிறார். அவருடைய ஸ்டுடியோ 3.6க்கு 4.1 மீட்டர், உயரம் 2.4 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 12க்கு 13 அடி அறை. அதற்குள்தான் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், ஒவ்வொரு பொருளையும் கையால் செய்து ஒரு உலகத்தை நிரப்புகிறார். கடைசியில் தானே அதற்குள் போய் உட்கார்ந்தோ படுத்தோ ஒரு படம் எடுக்கிறார். கணினியில் எதையும் சேர்ப்பதில்லை. படம் முடிந்ததும் செட்டைப் பிரித்துவிடுகிறார். உங்கள் ஹாலும் அந்த அறையும் ஏறக்குறைய ஒரே அளவு.

நிலாவுக்கு 12 மி.மீ. ப்ளைவுட். அதைவிட மெல்லியது வளையும். பெரிய வட்டத்துக்கு நூலைக் கட்டிப் பென்சிலால் சுற்றுங்கள். பிறைக்கு உள்வட்டத்தின் மையத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி மறுபடி சுற்றினால் போதும். தச்சரிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை. பின்னால் ரீப்பர் கட்டையில் முக்கோணமாகத் தாங்கு கொடுத்து, அடியில் மணல் மூட்டை வையுங்கள். மேற்பரப்பில் மைதா பசையில் ஊறிய செய்தித்தாளைக் கசக்கி ஒட்டினால், காய்ந்த பிறகு மேடும் பள்ளமுமாக வரும். அதன்மேல் வெள்ளை டிஸ்டம்பர் இரண்டு கோட். பள்ளங்களில் மட்டும் சாம்பல் நிறத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். எனாமல் பெயின்ட் பக்கமே போகாதீர்கள். முதன்முதலில் நான் செய்த நிலாவுக்கு, பளிச்சென்று இருக்கட்டுமே என்று எனாமல் அடித்தேன். ஃபிளாஷ் பட்டதும் நிலாவின் நடுவில் இன்னொரு சின்ன நிலா எரிந்தது. படத்துக்கு மங்கல்தான் நல்லது.

பாட்டியின் எடை துளிகூட நிலாவின்மேல் இறங்கக் கூடாது. இதில் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம். முதுகு சாய்கிற, கை வைத்த, ஆடாத நாற்காலி ஒன்றை நிலாவுக்குப் பின்னால் போட்டு, அதன் இருக்கை உயரத்துக்கு நிலாவின் உள்வளைவு வரும்படி வையுங்கள். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றியிருப்பார். முழங்காலுக்குக் கீழே மேகம் மறைக்கும். லென்ஸின் இடத்திலிருந்து பார்த்தால் அவர் நிலாவின்மேல் இருக்கிறார். இரண்டடி நகர்ந்து பார்த்தால் நாற்காலியில் இருக்கிறார். லண்டன் படக்கலைஞர் ஆங்கஸ் மெக்பீன் இப்படி உடம்பை ஒளிப்பதில் கெட்டிக்காரர். 1950 வாக்கில், ஆட்ரி ஹெப்பர்ன் பெரிய நட்சத்திரம் ஆவதற்கு முன்பு, ஒரு சருமப் பூச்சு விளம்பரத்துக்காக அவரை மணலிலிருந்து தோளும் தலையும் மட்டும் எழும்புவதுபோல நிறுத்தி, பக்கத்தில் சின்னஞ்சிறு தூண்களை நட்டுப் படம் எடுத்தார். தூண்கள் சிறியவை என்பதால் அந்தப் பெண் பாலைவனத்தில் முளைத்த சிலைபோலப் பெரிதாகத் தெரிவார். மணலும் பொம்மைத் தூணும் செய்த வேலை அது.

மேகத்துக்குப் பலர் இலவம்பஞ்சைத் தேடுவார்கள். வேண்டாம். ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும், பாட்டிக்கு மூச்சில் தூசியும் ஏறும். தலையணைக்குள் வைக்கிற பாலியஸ்டர் பஞ்சு கடையில் கிடைக்கும். அதை வளைத்த கம்பி வலையின்மேல் பிய்த்துப் பிய்த்துப் போர்த்துங்கள். பக்கத்தில் மெழுகுவத்தியோ சூடேறும் குண்டு பல்போ வேண்டாம். மேலே தொங்கும் மேகங்களுக்குத் தங்கூசி நரம்பு. வெளிச்சம் பட்டால் அது மின்னும் என்பதால், கறுப்பு மார்க்கரை அதன்மேல் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள்.

பின்திரைக்கு வருவோம். எங்கள் ஊர்ப்பக்க ஸ்டுடியோக்களில் ஸ்கிரீன் என்றால் அது ஒரு சொத்து. மாளிகைப் படிக்கட்டு, ஏரி, தூண், தொட்டிப் பூச்செடி என்று ஓவியரை வைத்து எழுதி வாங்குவார்கள். திருவிழாக் கடைகளில் அட்டைக் காரும் அட்டை விமானமும் நிற்கும். அமெரிக்கச் சந்தைகளிலும் ஸ்டுடியோக்களிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்டைப் பிறையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது பெரிய மோகமாக இருந்தது. உங்கள் ஆசையும் அந்த வழியில் வந்ததாக இருக்கலாம். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களை பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிப்பிடித்து, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு டிஜிட்டலாக்கியிருக்கிறது. செட் போடுவதற்கு முன் அவற்றில் கொஞ்சம் பாருங்கள். திரையில் எழுதிய தூணின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, ஆளின் மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனியுங்கள். இரண்டும் ஒரே பக்கமாக இருந்தால் அந்த ஸ்டுடியோக்காரர் தொழில் தெரிந்தவர். எதிரெதிராக இருந்தால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்க்கிறவருக்கு ஏதோ உறுத்தும். உங்கள் நிலாவில் சாம்பல் நிறம் ஒற்றும்போதும் இதே கணக்குதான். ஃபிளாஷ் இடப்பக்கத்திலிருந்து வரப்போகிறது என்றால் பள்ளங்களின் இருட்டு இடப்பக்க விளிம்பில் இருக்க வேண்டும். மேட்டுக்கு மட்டும் வலப்பக்கம் இருட்டு.

உங்களுக்கு எழுதிய திரை தேவையில்லை. மாலி நாட்டு பமாகோவில் செய்டு கெய்டா 1948ல் ஸ்டுடியோ தொடங்கியபோது, தன் படுக்கை விரிப்பையே பின்னால் தொங்கவிட்டார். சில வருடங்களுக்கு ஒரு முறை விரிப்பை மாற்றியதால், இன்றைக்கு அந்த விரிப்பின் பூவேலையைப் பார்த்தே எந்த ஆண்டுகளில் எடுத்த படம் என்று கணிக்க முடிகிறது. உங்களுக்கு வேண்டியது 7 அடி அகலத்தில், மேலே 9 அடி உயரத்தில் கட்டித் தரைவரை விடக்கூடிய காடாத் துணி. அடர்த்தியான சாம்பல் நிற டிஸ்டம்பரை நீர்க்கக் கரைத்து அடியுங்கள். நீலம் வேண்டாம், சாம்பல்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பிரான்சில் ஜார்ஜ் மெலியஸ் 1897ல் மோந்த்ரய் என்ற இடத்தில் கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டுடியோ கட்டி, தன் மாயாஜாலச் சினிமாப் படங்களுக்கு எழுதிய திரைகள் எல்லாமே சாம்பலின் பல சாயல்களில்தான் இருந்தன. அந்தக் கால ஃபிலிமில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெள்ளையாகவும் விழும் என்பதால், கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்பதை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஃபிலிமுக்கு எப்படி இருக்கும் என்றுதான் எழுதினார்.

நட்சத்திரத்துக்குத் துணியில் சணல் ஊசியால் ஓட்டை போடுங்கள், பின்னால் எல்இடி சரம். ஓட்டைகள் வரிசையாக வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தரையில் விரித்த துணியின்மேல் வீசி, அரிசி விழுந்த இடத்தில் குத்துவது என் பழக்கம். பாட்டியின் தலைக்கு நேர் பின்னாலும், தாத்தாவின் முகம் வரப்போகிற இடத்திலும் ஓட்டை வேண்டாம்.

இனி நேரம் என்கிற இரண்டாவது விஷயம். இங்கேதான் உங்கள் ஒற்றை ஃபிளாஷ் இரண்டு ஃபிளாஷ் ஆகப் போகிறது.

படத்தை இரவில் எடுங்கள். ஜன்னல்களை மூடி, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டால், ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு) 100, எஃப் (லென்ஸ் துவாரத்தின் அளவு) 8ல் ஷட்டரை 15 வினாடி திறந்து வைத்தாலும் படம் கறுப்பாகத்தான் விழும். விழுகிறதா என்று வெறும் அறையை எடுத்து முதலில் சரிபாருங்கள். இன்வெர்ட்டரின் சிவப்புப் புள்ளிகூடப் படத்தில் வரும், அதற்கும் டேப் ஒட்டுங்கள். அறை கறுப்பாக இருந்தால் அந்த 15 வினாடியும் ஒரு வெற்றுப் பலகை. நாம் எதில் வெளிச்சம் போடுகிறோமோ அது மட்டும் அதில் ஏறும்.

ஷட்டர் திறந்ததும் உதவிக்கு நிற்பவர் ஃபிளாஷைக் கையில் பிடித்துக்கொண்டு, அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தலாம். கேபிளும் தேவையில்லை, டிரிக்கரும் தேவையில்லை. ஃபிளாஷ் ஒரு தடவை மின்னுவதை வெட்டு என்போம். முதல் வெட்டு பாட்டிக்கு: இடப்பக்கம், அவர் முகத்தைவிட இரண்டடி உயரத்தில், ஒரு வெள்ளைக் குடைக்குள்ளோ மெல்லிய வேட்டித் துணி வழியாகவோ. ஃபிளாஷ் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியைப்போன்ற நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் பாட்டி சிலைபோல் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்டுடியோக்களில் பல வினாடி அசையாமல் இருக்க, கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வி வைத்துப் பிடித்தார்கள். அந்தக் காலத்து முகங்கள் விறைப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டாவது வெட்டு பின்திரைக்கு: நிலாவின் பின்னால் குனிந்து, ஃபிளாஷைத் திரைக்கு நேராகத் திருப்பி, கால் பங்கு வலுவில். பாட்டிமேல் ஒரே வெட்டுதான் விழ வேண்டும். அவர்மேலேயே இரண்டு தடவை விழுந்தால், நடுவில் தலை கொஞ்சம் அசைந்தாலும் இரண்டு மூக்கு வரும்.

நீலத்துக்கு வருகிறேன். கேமராவின் ஒயிட் பாலன்ஸை, அதாவது எந்த வெளிச்சத்தை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்ற அமைப்பை, குண்டு பல்புக்கான 3200 கெல்வினில் வையுங்கள். ஃபிளாஷின் வெளிச்சம் பகல் வெளிச்சம்போல 5500 கெல்வின் பக்கம் இருப்பதால், கேமராவுக்கு அது நீலமாகத் தெரியும். ஆகவே திரைக்கு அடிக்கும் வெட்டை வெறுமனே அடித்தால் சாம்பல் துணி இரவு வானமாக மாறும். பாட்டிக்கு அடிக்கும்போது மட்டும் ஃபிளாஷின் முகத்தில் ஆரஞ்சு ஜெலட்டின் தாளைக் கட்டிக்கொண்டால் தோல் நிறம் சரியாக வரும். ஒரே துணி, ஒரே ஃபிளாஷ், ஒரு துண்டு ஆரஞ்சுத் தாள். பெயின்டில் நீலம் கலந்திருந்தால் அந்த வானம் இப்படி ஒளிராது, வெறும் நீலச் சுவராகத்தான் நிற்கும். எத்தனையோ தடவை செய்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் கேமராவின் முதுகில் உள்ள சின்னத் திரையில் பார்க்கும்போது மனம் துள்ளத்தான் செய்கிறது.

இப்போது தாத்தா. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பலருக்கும் தெரிந்த டபுள் எக்ஸ்போஷர், அதாவது ஒரே படத்தின்மேல் இரண்டு தடவை எடுப்பது. வெளிச்சம் கூடத்தான் செய்யும், கழியாது. இருட்டான இடம் காலி இடம். அங்கே அடுத்த பிம்பத்தை ஏற்றலாம். ஒரே ஆள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தன்னோடு தானே சதுரங்கம் ஆடும் பழைய படங்கள், லென்ஸின் பாதியை அட்டையால் மறைத்து இரண்டு முறை எடுத்தவை. மெலியஸ் 1898லேயே கறுப்புப் பின்னணியில் தன் தலையை மூன்று முறை கழற்றி மேசைமேல் வைத்துப் படமாக்கிவிட்டார். உங்கள் கேமராவின் மெனுவில் மல்டிபிள் எக்ஸ்போஷர் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்வது கண்ணாடி வழி. 1862 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனில் பேராசிரியர் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் ஆவியை வரவழைத்துக் காட்டியது இந்த முறையில்தான். பார்வையாளருக்கு முன்னால் சாய்வாக ஒரு பெரிய கண்ணாடி, மறைவான பள்ளத்தில் வெளிச்சத்தில் நிற்கும் ஒரு நடிகர். அவருடைய பிரதிபலிப்பு மேடையில் இருப்பவரோடு சேர்ந்து தெரியும். நமக்குப் பெரிய கண்ணாடி வேண்டாம். லென்ஸுக்கு மிக அருகில் வைப்பதால் போட்டோ ஃபிரேமிலிருந்து கழற்றிய 8க்கு 10 அங்குல 2 மி.மீ. கண்ணாடி போதும். அதை லென்ஸுக்கு முன்னால் 45 டிகிரி திருப்பி நிறுத்துங்கள். பக்கவாட்டில், கண்ணாடிக்கு நேராக, சுமார் ஐந்தரை அடியில் தாத்தாவின் படம் இருக்கட்டும். அந்த அகலம் கிடைக்கக் கேமராவை ஹாலின் நடுவில் வைக்காமல் ஒரு சுவர்ப்பக்கமாக ஒதுக்கி வையுங்கள். செட்டும் அதற்கு நேராக ஒதுங்கும், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

தாத்தாவின் முகத்தை ஏ4 தாளில், இடவலம் மாற்றி அச்சடியுங்கள். பிரதிபலிப்பில் அது மறுபடி திரும்பிச் சரியாகிவிடும். இதை மறந்தால் தலைவகிடு மாறிப்போகும். அத்தனை வருடம் பார்த்த முகம், பாட்டி முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். முகத்தைச் சுற்றியுள்ளதை வெட்டிவிட்டு, கறுப்பு வெல்வெட் துணியில் ஒட்டுங்கள். கறுப்புச் சார்ட்டைவிட வெல்வெட் நல்லது, வெளிச்சத்தை விழுங்கிவிடும். லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள தூரத்தையும் சேர்த்தால் 6 அடியில் இருக்கும் முக்கால் அடி முகம், 12 அடியில் இருக்கும் திரையில் ஒன்றரை அடி முகமாகத் தெரியும். அளவு கூடவோ குறையவோ வேண்டுமானால் அச்சை மாற்றுங்கள். ஃபோகஸ் பற்றிப் பயம் வேண்டாம். 28 மி.மீ., எஃப் 8ல் பாட்டியின் 9 அடியில் ஃபோகஸ் வைத்தால், 6 அடியில் இருப்பதும் போதுமான தெளிவோடு வந்துவிடும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள், இருட்டில் அது தடுமாறும்.

சாதாரணக் கண்ணாடி 45 டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் திருப்பும். தாத்தாவுக்கும் ஃபிளாஷ் அடிப்பதென்றால் பத்து மடங்கு வலு வேண்டும். இந்த இடத்தில்தான் 15 வினாடி கைகொடுக்கிறது. ஷட்டர் திறந்திருக்கும்போது ஒரு எல்இடி டார்ச்சால் தாத்தாவின் படத்தை மட்டும் மெல்லத் தடவிக் காட்டுங்கள். இரண்டு எண்ணினால் நிழல்போல வருவார், ஆறு எண்ணினால் பளிச்சென்று வருவார். உங்கள் டார்ச்சுக்கு எத்தனை எண்ணிக்கை என்பதைச் சோதனையில்தான் பார்க்க வேண்டும். டார்ச்சின் வெளிச்சம் வெண்மையாக இருப்பதால் அவரும் நிலவு வெளிச்சத்தின் நீலத்திலேயே தெரிவார். டார்ச்சைச் சுற்றிக் கறுப்புச் சார்ட்டைக் குழாயாகச் சுருட்டிக்கொள்ளுங்கள், வெளிச்சம் சிதறிப் பாட்டியின்மேல் விழக் கூடாது. கண்ணாடிக்கு இரண்டு முகம் என்பதால் பிம்பமும் இரண்டாக, மிக நெருக்கமாக விழும். 2 மி.மீ. கண்ணாடியில் அது கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்காது, தடித்த கண்ணாடியில் தெரியும்.

டபுள் எக்ஸ்போஷரை விட்டுவிட்டு இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. டார்ச்சை எரியவிட்டு, பாட்டியைக் கேமராவின் இடத்துக்கு அழைத்து வந்து, கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்லலாம். காலியான நிலாவுக்குப் பின்னால், அந்த வானத்தில், தாத்தா அங்கே இருப்பார். அதற்குப் பிறகு போய் நிலாவில் உட்காருகிறவரின் முகத்துக்கும், "சும்மா அந்தப் பக்கம் பாருங்க, தாத்தாவை அப்புறம் சேர்த்துக்கறேன்" என்று சொல்லி எடுக்கிற முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் பின்னணி சேர்ப்பதற்காகப் பச்சைத் துணிக்கு முன்னால் நிற்கும் ஆளுக்குப் பார்க்க எதுவும் இல்லை. செட்டுக்குள் இருப்பவர் எதையோ பார்க்கிறார், தொடுகிறார், சாய்கிறார். கையால் செட் போட இவ்வளவு பாடுபடுவது இந்த முகத்துக்காகத்தான். ஆனால் பாட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று காட்டினால் தாங்கமாட்டார்.

உடையும் நிறமும் பற்றிக் கொஞ்சம். அமெரிக்கக் கலைஞர் சாண்டி ஸ்கோக்லண்ட் 1980ல் ஒரு அறை முழுவதையும் சாம்பல் நிறமாக்கி, கம்பி வலையிலும் பிளாஸ்டரிலும் தான் செய்த பச்சைப் பூனைகளை நிரப்பி, நடுவில் ஒரு வயதான தம்பதியை இருக்கவைத்துப் படம் எடுத்தார். அந்தப் படம் மனதில் ஒட்டிக்கொள்வதற்கு அந்த இரண்டே நிறம்தான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் படத்தில் நீல வானமும் வெள்ளை நிலாவும் இருக்கின்றன. பாட்டியின் புடவை மூன்றாவது நிறம். அரக்கோ மாம்பழ மஞ்சளோ நன்றாக இருக்கும். பட்டுச் சரிகை ஃபிளாஷில் மின்னும், அது நல்லதுதான். நான்காவது நிறம் எதுவும் உள்ளே வர விடாதீர்கள்.

பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா, படக்கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000க்கும் 2004க்கும் நடுவில் செய்த தென்னிந்தியப் பெண்கள் படவரிசையையும் கிடைத்தால் பாருங்கள். ரவிவர்மாவின் லட்சுமி, நிலவொளியில் இருக்கும் பெண், பழைய தமிழ்ப்படம் ஒன்றின் ஸ்டில் என்று பலவற்றை எழுதிய திரை, உடை, சாமான் எல்லாம் வைத்துத் திரும்ப உருவாக்கி, தானே அந்தப் பெண்ணாக நின்றிருக்கிறார். கையின் வளைவு, பார்வையின் திசை, புடவை மடிப்பு எதிலும் அவசரம் இல்லை. நிலவொளிப் படத்தில் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, பாட்டியை உட்காரவைக்கும்போது நினைவில் வையுங்கள்.

ஒத்திகை முழுவதையும் வேறு யாரையாவது உட்காரவைத்து முடித்துவிடுங்கள். உங்கள் அம்மாவோ சித்தியோ பாட்டியின் உயரத்தில் இருந்தால் வசதி. ஸ்பெயின் ஓவியர் டாலி தாவும்போது பூனைகளும் தண்ணீரும் காற்றில் பறக்கும் 1948ஆம் வருடத்துப் படம் தெரிந்திருக்கும். அதை எடுத்த பிலிப் ஹால்ஸ்மனின் மனைவி சட்டகத்துக்கு வெளியே நின்று நாற்காலியைத் தூக்கிப் பிடித்திருந்தார். மூன்று எண்ணியதும் பூனைகளையும் வாளித் தண்ணீரையும் வீசுவார்கள், நான்கில் டாலி குதிப்பார். சரியாக வர இருபத்தைந்து தடவைக்கும் மேல் ஆனது. டாலி குதிப்பார், பாட்டி குதிக்க மாட்டார். அவரிடம் நீங்கள் கேட்கக்கூடியது இருபது நிமிடம், ஆறு அல்லது ஏழு படம். அதனால் எண்ணிக்கையை ஒத்திகையிலேயே கட்டிவிடுங்கள்: ஒன்றில் ஷட்டர், இரண்டில் பாட்டிக்கு வெட்டு, மூன்றிலிருந்து டார்ச், ஆரஞ்சுத் தாளைக் கழற்றிக்கொண்டு நிலாவின் பின்னால் போனதும் பன்னிரண்டில் திரைக்கு வெட்டு. ஷட்டருக்கு, ஃபிளாஷுக்கு, டார்ச்சுக்கு ஆளுக்கொருவர். நட்சத்திரச் சரம் 15 வினாடியும் எரியலாம், கூடினால் சரத்தின் மேல் ஒரு டிஷ்யூ தாள் போடுங்கள்.

இருட்டில் பாட்டியின் பக்கத்தில், சட்டகத்துக்கு வெளியே, ஒருவர் கண்டிப்பாக உட்கார்ந்திருக்க வேண்டும். விளக்கு போடும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று அவரிடமும் சொல்லி வையுங்கள். அந்த ஆள் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். அந்தக் கை மேகத்துக்குள் இருந்தால் கேமராவுக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்ததும் செட்டைப் பிரிக்காதீர்கள். மெமரி கார்டிலிருந்து படங்களைக் கணினியில் ஏற்றி, பெரிதாக்கி, பாட்டியின் கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பிரியுங்கள். அதற்கு முன் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, பக்கவாட்டில் நான்கடி தள்ளி நின்று இன்னொரு படம் எடுங்கள். நாற்காலி, மணல் மூட்டை, ரீப்பர் கட்டை, பஞ்சுக்குள் நீட்டிய கை, டார்ச் பிடித்த ஆள், வெல்வெட்டில் ஒட்டிய தாத்தா, நடுவில் பாட்டி என்று எல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே அளவில் பிரின்ட் போட்டு ஒரே ஆல்பத்தில் எதிரெதிர்ப் பக்கத்தில் வையுங்கள்.